முன்படம், பின்படம்

ஒரு மரம் மரம்தானா என்று முடிவு செய்யும் அதிகாரம் மரத்துக்குக் கிடையாது என்ற சங்கதி குச்சிக்காரருக்குத் தன் ஐம்பத்து நாலாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை, தரையிலிருந்து முளைத்து, இலை விட்டு, நின்றவன் தலைக்கு நிழல் கொடுத்தால் அது மரம் என்று அந்த மனிதர் வெகுளியாக நினைத்துக்கொண்டிருந்தார்.

குச்சிக்காரர் என்பது தெருவில் வைத்த பெயர். வைத்த காலத்தில் அது கேலி. அவருடைய ஆறு ஏக்கர் நிலம் அப்போது தட்டிப் பார்த்தால் சத்தம் வருகிற அளவுக்கு இறுகிக் கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் வழித்துக்கொண்டு ஓடும். கிணற்றில் பாம்பும் பழைய செருப்பும் இருந்தன, தண்ணீர் இல்லை. மூன்று வருஷம் கன்று வாங்கி நட்டார். மூன்று வருஷமும் கன்றுகள் ஒற்றுமையாகச் செத்தன.

நாலாவது வருஷம் உழும்போது ஒன்றைக் கவனித்தார். போன வருஷம் கொழுவில் அறுபட்ட அதே புதர்கள் அதே இடத்தில் மறுபடி தலையை நீட்டிக்கொண்டிருந்தன. களை என்று எல்லோரும் அறுத்துத் தள்ளும் சமாச்சாரம்தான். ஒன்றைத் தோண்டிப் பார்த்தார். மேலே விரல் தண்டி தளிர், கீழே தொடை தண்டி வேர். அப்பா காலத்தில் வெட்டிய வேலமரம் சாகவே இல்லை. நாற்பது வருஷமாக எழுந்திருக்கப் பார்த்திருக்கிறது. நாற்பது வருஷமாக இவர்கள்தான் தலையில் அடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். குச்சிக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து அவர் எதையும் நடவில்லை. ஒவ்வொரு கட்டையிலும் முளைத்த பத்துப் பதினைந்து குச்சிகளில் நேரானவையாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தார். விட்ட குச்சியில் ஏரும் ஆடும் அண்டாமலிருக்கச் சிவப்புத் துணி கட்டினார். சரிவுப் பக்கம் அரை வட்டமாகக் குழி வெட்டி, ஓடுகிற மழையைப் பிடித்து நிறுத்தினார். மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும், இவர் மட்டும் மண்வெட்டியோடு வெளியே ஓடுவார். குச்சிக்குத் துணி கட்டுகிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பத்து வருஷம் ஆயிற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு மரம். கிணற்றில் பதினோராவது படி வரை தண்ணீர். ஊடே தானியம், மண்ணில் ஈரம், வரப்பில் பறவை எச்சம். இப்போது குச்சிக்காரர் என்று கூப்பிடுகிறவர்கள் பின்னால் ஒரு மரியாதையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மைல் தள்ளி ஒருவர் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு நிலத்துக்கு வந்திருந்தார். அந்த லாரிக்காரர் பருவத்துக்கு ஒரு தடவை வந்து, "அண்ணே, இந்தக் குச்சிய விடவா, அந்தக் குச்சிய விடவா?" என்று மாதிரிக்கு ஒடித்த குச்சிகளைக் கட்டாகக் கொண்டுவந்து காட்டிக் கேட்டுப் போவார். அண்ணன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

சிவப்புத் துணி என்றேனே, அது ஒரு கம்பளி. குச்சிக்காரரின் மனைவி அதைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். ஏழு வயதில் தாயில்லாமல் இவர்கள் வீட்டுக்கு வந்த அவளுடைய தம்பி போர்த்திக்கொண்டு வந்த கம்பளி அது. அவனை வளர்த்து, படிக்க வைத்து, நிலப் புத்துயிர்ப்புத் துறையில் தற்காலிகக் கள உதவியாளனாகச் சேர்த்தது வரை எல்லாம் குச்சிக்காரர்தான். பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் மச்சினன்தான் பிள்ளை.

அந்த மச்சினன் ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தான். முழுமையான கோப்பு ஒன்றை முடித்துக் காட்டினால் நிரந்தரம் என்பது துறையின் விதி. துறை தொடங்கி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோப்பும் முழுமையடையவில்லை. நட்ட இடத்தில் மரம் வராமல் போனால் துறை என்ன செய்யும், பாவம்.

"மாமா, எங்க இயக்குநர் உங்க நிலத்தைப் பார்க்க வர்றாரு" என்று ஒருநாள் ஓடி வந்தான். "நான்தான் சொன்னேன். இனிமே நீங்க எங்கயோ போயிருவீங்க, பாருங்க."

"நான் எங்க போறது? இங்கதானடா இருக்கேன், மாப்ள."

"அட, பேரு மாமா, பேரு."

மண்டல இயக்குநர் நாலு வண்டிகளில் வந்தார். மூன்று வண்டி அவருக்கு, ஒன்று மண்ணுக்கு. அவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. எந்த நிலத்துக்குப் போனாலும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று துறையில் ஒரு சடங்கு உண்டு. ஆகவே தலைமை அலுவலகத்திலிருந்து கண்ணாடிக் கிண்ணத்தில் மண் வந்தது. சலித்து, கிருமி போக வறுத்து, ஆறவைத்த மண். இயக்குநர் அதை ஒற்றை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விரலை உடனே துடைத்தார். குச்சிக்காரரின் ஆறு ஏக்கர் மண்ணும் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பிறகு படக்கல்லை நட்டார்கள். வெள்ளையடித்த, முழங்கால் உயரக் கல். அதன் மேல் கேமராவை வைத்துத்தான் படமெடுக்க வேண்டும். துறை கைவைப்பதற்கு முன்னால் நிலம் எப்படி இருந்தது என்பது முன்படம். கைவைத்த பிறகு எப்படி ஆயிற்று என்பது பின்படம். இரண்டும் ஒரே கல்லிலிருந்து, ஒரே கோணத்தில். படத்தில் மனிதர் யாரும் விழக்கூடாது, விழுந்தால் படம் செல்லாது. மனிதர் இருந்தால் வேலையை அவர்கள் செய்ததாகத் தோன்றிவிடும் என்று விதியின் அடிக்குறிப்பில் காரணமும் சொல்லப்பட்டிருந்தது.

"பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார் படக்காரர்.

குச்சிக்காரர் ஒதுங்கினார்.

"இன்னும்."

ஒதுங்கினார். வரப்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தெருவுக்கே வந்து நின்றார். அவருடைய நிலம் அவர் இல்லாமல் நன்றாக வந்திருப்பதாகப் படக்காரர் சொன்னார். இயக்குநர் படத்தை எட்டிப் பார்த்து அசந்துபோய், "இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பின்படம் நம்மிடம் இல்லை" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுவாரம் அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. சுவரெல்லாம் பச்சை, கோப்பெல்லாம் பச்சை, செவ்வாய்க்கிழமையானால் மையும் பச்சை. முற்றத்தில் மழைநீர் சேகரிப்பு மாதிரித் தொட்டி ஒன்று பளபளவென்று நின்றது. அதன் மேல் தகரக் கூரை போட்டிருந்தார்கள்.

"கூரை இருந்தா தண்ணி எப்படிங்க உள்ள வரும்?" என்று குச்சிக்காரர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"தண்ணி வந்தா பாசி பிடிக்காதா?" என்றார் காவலாளி. "பார்க்க வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

உள்ளே இயக்குநர் எழுந்து நின்று கைகொடுத்தார். பின்படம் சட்டம் போட்டு மேசை மேல் இருந்தது. பக்கத்தில் அதே அளவில் ஒரு வெற்றுச் சட்டம்.

"உங்கள் நிலத்தில் ஒரே ஒரு குறை" என்றார். "பின்படம் இருக்கிறது, முன்படம் இல்லை. முன்னால் என்று ஒன்று இல்லாமல் பின்னால் எப்படி வரும்?"

"ஐயா, முன்னால மொட்டையாத்தான் கிடந்துச்சு. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிவது வேறு, கோப்புக்குத் தெரிவது வேறு. இப்போது கோப்பைப் பொறுத்தவரை உங்கள் நிலத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆதாரமற்ற உயரங்கள் இருக்கின்றன. மரம் என்று நான் சொல்ல முடியாது. எந்தத் துறை நட்டது? எந்தத் தேதியில்? தானாக வந்தது என்றால் தானாக என்பவர் யார்? அவர் எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார்?"

குச்சிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் உதவுகிற புத்தி விடவில்லை. "பக்கத்து நிலம் இன்னும் மொட்டையாத்தான் கிடக்குங்க. கல்லைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்துக்கிட்டா..."

இயக்குநரின் முகம் சுண்டிவிட்டது. பேனாவை மூடி வைத்தார்.

"அது மோசடி" என்றார். "வேறு நிலத்தைக் காட்டி இதுதான் அது என்று சொல்வதா? என் இருபது வருஷ சர்வீஸில் பொய்ப் படம் ஒன்றைக் கோப்பில் வைத்ததில்லை. படம் உண்மையாக இருக்க வேண்டும். அதே நிலம், அதே கல், அதே கோணம். இதில் சமரசம் கிடையாது."

பெரிய மனிதரிடம் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று குச்சிக்காரர் கூனிக் குறுகி வெளியே வந்தார். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார். நேர்மையான மனிதரைச் சந்தித்த நிறைவும் கொஞ்சம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மச்சினன் ஏழு பக்கத் தாள் ஒன்றோடு வீட்டுக்கு வந்தான். அக்கா கொடுத்த டீயை ஆறவிட்டுக்கொண்டே தாளை மடியில் வைத்திருந்தான்.

"என்னடா அது?" என்றார் குச்சிக்காரர்.

"சம்மதக் கடிதம், மாமா. ஒரு கையெழுத்து போடுங்க."

முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். மேற்படி நிலத்தின் மேற்படி கோணத்தில் மேற்படி காட்சிக்கு இடையூறாயுள்ள தாவரத் தடைகளைத் துறை விதிகளுக்குட்பட்டு நீக்கிக்கொள்ள, என்று ஒரே மூச்சாகப் போய்க்கொண்டிருந்தது.

"தாவரத் தடைன்னா என்ன மாப்ள?"

"கேமராவ மறைக்கிற கிளை ரெண்டு மூணு இருக்கில்ல? அதைக் கழிப்பாங்க. நீங்களே வருஷா வருஷம் கழிக்கிறதுதானே."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் மாமா." டீயைக் குடித்தான். "இது முடிஞ்சா எனக்கு நிரந்தரம் ஆயிரும். ஒன்பது வருஷம். எத்தனை நாள்தான் அக்கா சோத்தையே தின்னுக்கிட்டு இருக்கிறது?"

"என் சோத்துல என்னடா குறை?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

ஏழு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணக்கூடாதே என்று தாளுக்கு அடியில் தட்டு ஒன்றை வைத்து, நிறுத்தி நிதானமாகப் போட்டார்.

அடுத்த வாரம் அவருக்கு ஒரு கௌரவம் வந்தது. மண்டல அரங்கத்தில் முழுநாள் பயிற்சி, சிறந்த பயனாளிகளுக்கு மட்டும். மச்சினனே வண்டி கொண்டுவந்து அழைத்துப்போய், முன்வரிசையில் உட்கார வைத்து, "சாயங்காலம் வரைக்கும் இருங்க மாமா, நடுவுல எழுந்தா மரியாதையா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மேடையில் இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, மரம் என்பது ஒரு பொறுப்பு. தானாக வளரும் மரத்துக்கு யார் பொறுப்பு? நாளை அது விழுந்தால் எந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பது? சென்ற ஆண்டு நம் துறை நாற்பது லட்சம் கன்றுகள் நட்டது. அதற்கு முந்தைய ஆண்டும் அதே இடத்தில் நாற்பது லட்சம். வருகிற ஆண்டும் அங்கேதான் நடுவோம். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு கன்றுகூட அடுத்த கன்றின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதில்லை. வேறு எந்தத் துறையாவது இப்படித் திட்டமிட்டதுண்டா?"

கைதட்டல். குச்சிக்காரரும் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார், இவரும் தட்டினார்.

"மழைநீரும் அப்படித்தான். அது ஒழுங்கில்லாமல் மேலிருந்து வருகிறது. அதைச் சேகரிப்பதற்கு முன்னால் அது நமக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு முறை வேண்டும். மரத்தைக் காப்போம் நண்பர்களே! படத்தில் காப்போம். படத்தில் காத்த மரத்துக்கு வறட்சி கிடையாது, பூச்சி கிடையாது, ஆடு கிடையாது."

மறுபடி கைதட்டல். அன்று குச்சிக்காரர் மொத்தம் பதினான்கு தடவை கைதட்டினார். பிற்பாடு அந்த எண்ணிக்கை அவருக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அங்கே எத்தனை மரம் விழுந்திருக்கும் என்று கணக்குப் போடாமல் அவரால் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கி நடந்தபோது, வழி தப்பிவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தார். அவர் வீட்டுச் சுவர் தெருமுனையிலிருந்தே தெரிந்தது. பத்து வருஷமாக அது அங்கிருந்து தெரிந்ததில்லை.

நிலம் வழித்த தலைபோலக் கிடந்தது. மரங்களைத் தரையோடு அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். மேலே புல்டோசரை விட்டுக் குழிகளையும் நிரவியிருந்தார்கள். நடுவில் அந்த வெள்ளைக் கல் மட்டும் சுத்தமாக நின்றது. அவர் மனைவி வரப்பில் உட்கார்ந்து சிவப்புத் துணிகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

குச்சிக்காரர் அவள் பக்கத்தில் போய் நின்றார். "நீ இங்கதானே இருந்த?" என்று மட்டும் கேட்டார்.

"இருந்தேன். வண்டிக்கு முன்னால போய் நின்னேன். ஓட்டுறவன் நல்லவன், நிறுத்திட்டான். 'எங்க வீட்டுக்காரர் வரட்டும், அதுவரைக்கும் தொடக்கூடாது'ன்னு சொன்னேன்." அவள் ஒரு துணியை உதறினாள். "என் தம்பி வந்தான். 'மாமாவே கையெழுத்துப் போட்டிருக்காரு, பாருக்கா'ன்னு காட்டினான். ஏழு பக்கம். உங்க கையெழுத்துதான். கோணாம, அழகா இருந்துச்சு. நான் நகர்ந்துட்டேங்க."

அவர் குனிந்து, தரையோடு அறுபட்ட ஒரு கட்டையைக் கையால் தடவினார்.

"வேர் இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்."

"அப்புறம் என்ன? வந்துரும்ல?"

"வந்துரும். எனக்கு வயசு இருக்கணுமே" என்றார் குச்சிக்காரர். அப்போதுதான் அழுகை வந்தது. மரத்துக்காக அழுகிறாரா, மச்சினனுக்காக அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. மரத்துக்கு என்றால் இவ்வளவு வலிக்காது என்று மட்டும் தோன்றியது.

அடுத்து வந்த மழையைப் பிடித்து நிறுத்த அங்கே குழி இல்லை. அது பத்து வருஷத்து மேல்மண்ணை வழித்துக்கொண்டு நேராகக் கிணற்றில் இறங்கியது. பதினோராவது படியிலிருந்த தண்ணீர் குழம்பாகி, அடங்கியபோது சேறுதான் மிஞ்சியது.

மச்சினன் ஒருநாள் வந்தான். புதுச் சட்டை, மார்பில் நிரந்தர ஊழியர் அட்டை. "மாமா, கோபம்னு தெரியும். ஆனா கோப்பு முழுமையாயிருச்சு. துறை வரலாத்துலயே முதல் கோப்பு. உங்க நிலம்!"

"மறுபடி கன்னுகளாவது நடுவீங்களா?"

"எதுக்கு மாமா?" அவன் உண்மையிலேயே புரியாமல் கேட்டான். "பின்படம்தான் ஏற்கெனவே இருக்கே."

"அந்தப் படம் வெட்டுறதுக்கு முன்னால எடுத்ததுடா."

"தேதி ஓரத்துலதான் இருந்துச்சு. சட்டத்துக்குள்ள அடங்கலன்னு ஓரத்தை வெட்டிட்டோம். மத்தபடி ரெண்டு படமும் உண்மை. இயக்குநர் அதுல ரொம்பக் கண்டிப்பு."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். துவைத்து மடித்த சிவப்புத் துணிக்கட்டை அவன் கையில் வைத்தாள்.

"நீ வந்தப்ப இதைத்தான் போத்திக்கிட்டு வந்த. கொண்டு போ" என்றாள். "இனிமே இந்த வீட்டுக்கு வந்தா அலுவலா வா. அலுவல்னு சொல்லிட்டு வா. தம்பின்னு வராத."

அவன் துணிக்கட்டைப் பிடித்தபடியே போனான்.

போகிற அவசரத்தில் கைப்பையிலிருந்து ஒரு துண்டறிக்கை விழுந்திருந்தது. வழவழப்பான தாள். இடப்பக்கம் மொட்டை நிலம், வலப்பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு மரம். மேலே, துறை தொட்டது துளிர்த்தது என்று பெரிய எழுத்து. கீழே, சம்மதக் கடிதத்திலிருந்து எடுத்த குச்சிக்காரரின் கையெழுத்து, நிறுத்தி நிதானமாக. தாளைத் திருப்பினார். அடுத்த நிலம், விரைவில், என்று போட்டு ஒரு விலாசம் இருந்தது. ஆறு மைல் தள்ளிய விலாசம்.

குச்சிக்காரர் சைக்கிளை எடுத்தார். அந்த வயதில் அப்படி மிதிக்கக்கூடாது என்று வழியில் இரண்டு பேர் சொன்னார்கள்.

லாரிக்காரரின் நிலத்து வாசலில் பச்சை வண்டி நின்றது. உள்ளே வெள்ளைக் கல் நட்டாகிவிட்டது. படக்காரர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சினன் கோப்போடு நின்றான். அவனுக்குப் பின்னால் லாரிக்காரரின் மரங்கள், ஏழு வருஷத்து இளமரங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் அரை வட்டக் குழி. குச்சிக்காரர் சொல்லிக் கொடுத்த அளவு, ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வாங்கண்ணே, வாங்க!" லாரிக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. உங்க நிலத்துக்குப் பண்ணதை எனக்கும் பண்றாங்களாம்."

"தம்பி, கையெழுத்து ஏதும் போட்டுறாத."

"காலையிலயே போட்டாச்சேண்ணே. ஏழு பக்கம்."

"படிச்சியா?"

"எதுக்குப் படிக்கணும்? உங்க நிலத்துப் படம் போட்ட தாளைக் காட்டினாங்க. உங்க கையெழுத்து இருந்துச்சு. அண்ணனே போட்டிருக்காரு, நமக்கென்னன்னு போட்டேன்."

குச்சிக்காரர் சொன்னார். படம் எடுப்பார்கள், அப்புறம் வெட்டுவார்கள், அப்புறம் இன்னொரு படம் எடுப்பார்கள், அவ்வளவுதான் என்று சொன்னார். லாரிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு குச்சிக்காரரின் முகத்தைப் பார்த்தார். அவர் நீட்டிய துண்டறிக்கையை விரித்து, இடப்பக்கப் படத்தைப் பார்த்தார், வலப்பக்கப் படத்தைப் பார்த்தார், மறுபடி இடப்பக்கத்துக்கு வந்தார்.

"அப்போ ஏண்ணே நீங்க கையெழுத்து போட்டீங்க?"

"மச்சினன்னு நம்பிப் போட்டுட்டேன்."

"நான் உங்களை நம்பிப் போட்டேன்" என்றார் லாரிக்காரர்.

அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அறைந்திருந்தால் தேவலை என்று குச்சிக்காரருக்கு இருந்தது.

படக்காரர் கேமராவைக் கல்லின் மேல் வைத்தார். "எல்லாரும் ஒதுங்குங்க. வெளிச்சம் போகுது."

மற்றவர்கள் ஒதுங்கினார்கள். குச்சிக்காரர் மட்டும் கல்லுக்கு நேர் எதிரே நடந்து போனார். நிலத்தின் நடுவில், கேமராவுக்கு நட்டநடுவில் நின்ற ஒரு வேலமரத்தின் அடியில், குழியின் கரையில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

"பெரியவரே, படத்துல விழுறீங்க."

"தெரியும்."

"மாமா" என்றான் மச்சினன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆள் இருந்தா படம் செல்லாது மாமா. ஒதுங்குங்க."

"இதையே அன்னைக்கு என் நிலத்துல சொன்னாங்க. ஒதுங்கினேன்" என்றார் குச்சிக்காரர். "இன்னும்னாங்க. தெரு வரைக்கும் ஒதுங்கினேன். இனிமே ஒதுங்க எனக்கு இடமில்ல மாப்ள."

படக்காரர் கோணத்தை மாற்றிப் பார்த்தார். கல் ஒன்றுதான், கோணம் ஒன்றுதான், விதியில் இடமில்லை. மனிதரை அகற்றுவதற்கு எந்தப் படிவம் என்று தெரியாததால் மச்சினன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினான். அன்று செவ்வாய்க்கிழமை. பச்சை மை தீர்ந்துவிட்டது, வந்ததும் எழுதி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, வேலியோரம் உட்கார்ந்திருந்த லாரிக்காரரும் எழுந்து வந்தார். குச்சிக்காரர் நிமிர்ந்து பார்த்தார், பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்துகூட உட்கார்ந்தார். லாரிக்காரர் அவரைத் தாண்டிப் போனார். நாலு மரம் தள்ளி, படத்துக்குள் விழுகிற இடமாகப் பார்த்து, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.